துணி துறந்தோர் திருநாளும் தறிக்காரர் பொங்கலும்

மார்கழியில் கண்ணமங்கலத்தில் விடிவதற்கு முன்பே தறிச் சத்தம் கேட்டுவிடும். பொங்கலுக்குள் சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி கைக்கு வரும். குழித்தறிக்குள் காலை இறக்கினால் மண்ணின் ஈரம் எலும்பு வரை ஏறும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான், உடையே வேண்டாம் என்பவர்கள் குளிர்காலப் பண்டிகையை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று எழுத உட்கார்ந்தேன்.

துண்டு உண்டு, உடை இல்லை

பிரான்சில் உடையின்றிக் கூடி வாழ்வது பழைய கதை. மத்தியதரைக் கடலின் லெவாந் தீவில், துர்வீல் சகோதரர்கள் என்ற இரு மருத்துவர்கள் 1931இல் ஹெலியோபோலிஸ் குடியிருப்பைத் தொடங்கினார்கள். அட்லாண்டிக் கரையில் மோந்தாலிவே முகாம் 1950இல் வந்தது. கோடையில் அங்கெல்லாம் குடும்பம் குடும்பமாகக் கூடுவார்கள்.

டிசம்பர் வந்தால் கடற்கரை முகாம்களில் பெரும்பாலானவை அடங்கிவிடும். கொண்டாட்டம் கூரைக்குள் போய்விடும். வெந்நீர்க் குளம், நீராவி அறை, கணப்பு மூட்டிய கூடம் என்று இடம் தேடிக்கொள்வார்கள். பாரிசின் கிழக்குப் பகுதியில் ஒரு பொது நீச்சல் குளமே குறிப்பிட்ட மாலை நேரங்களில் இவர்களுக்கென்று திறக்கப்படுகிறது. மற்றபடி, எல்லாப் பிரெஞ்சு வீடுகளிலும் நடப்பதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் நெடுநேரம் நீளும் விருந்து, விறகுக்கட்டை வடிவில் கேக், ஜனவரி முதல் வாரத்தில் ராஜாக்களின் அப்பம். அப்பத்துக்குள் ஒளித்து வைத்த சின்னப் பொம்மை யார் பங்கில் வருகிறதோ, அவருக்குக் காகித மகுடம்.

என்னை நிறுத்தியது அவர்களுடைய ஒரு விதி. எங்கே உட்கார்ந்தாலும் கீழே ஒரு துண்டு விரித்துக்கொள்ள வேண்டும். உடையைத் துறந்தவர்களாலும் துணியைத் துறக்க முடியவில்லை. எங்கோ ஒரு தறி அவர்களுக்காகவும் ஓடுகிறது.

நம் மண்ணில்

இதை வெள்ளைக்காரர்களின் விசித்திரம் என்று ஒதுக்க வேண்டாம். உடை துறப்போர் சங்கங்களில் முதலாவதாகச் சொல்லப்படுவது இந்தியாவில் தொடங்கியதுதான். பம்பாய்க்குப் பக்கத்தில், தானேயில், 1891இல் கிராஃபோர்டு என்ற ஆங்கிலேய நீதிபதி நிறுவினார். உறுப்பினர்கள் மூன்றே பேர்.

அதற்கெல்லாம் முன்பிருந்தே நம் குளிர்காலத் திருநாள் ஒன்றை ஆடையற்றவர்கள்தான் முன்னின்று நடத்துகிறார்கள். 2025ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று நாம் பொங்கல் பானையை இறக்கியபோது, பிரயாகையில் கும்பமேளாவின் மகர சங்கராந்தி நீராடல். வட இந்தியாவின் அந்தக் கடுங்குளிரில், திருநீறு மட்டும் பூசிய நாகா சாதுக்கள் முதலில் திரிவேணியில் இறங்கினார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஆரணி வட்டாரத்தில் நயினார்கள் என்று நாம் அழைக்கும் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். போளூர்ப் பக்கம் திருமலையில், ராஜராஜ சோழனின் அக்காள் குந்தவையின் பெயரால் ஜினாலயம் நிற்கிறது. அதே மலையில் 16 அடி உயர நேமிநாதர் ஆடையின்றி நிற்கிறார். திகம்பரத் துறவிக்குத் திசைகளே ஆடை. கையில் மயிற்பீலியும் கமண்டலமும் மட்டும். பிரெஞ்சுக்காரரின் துண்டுகூடக் கிடையாது. பனியில் போர்வையில்லை, குளிர்காய நெருப்பில்லை. இல்லறத்தார் நம்மைப்போலவே புத்தாடை உடுத்துகிறார்கள். துறப்பு துறவிக்கு மட்டுமே.

பிரான்சின் கூடமும் பிரயாகையின் கரையும் திருமலையும் ஒன்றல்ல. ஒன்றில் இருப்பது உடலின் சுகம், மற்ற இரண்டில் இருப்பது துறவு. ஆனால் மூன்றிடத்திலும் உடையை விட்டவர் தாமாக விட்டார்.

விடாமலே இழந்தவர்

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேலாடையைக் களைந்து அரைவேட்டிக்கு மாறினார். அதுவும் அவராகச் செய்ததுதான். ஆனால் அதற்குக் காரணமான ஏழைக்கு அப்படியொரு தேர்வு இருக்கவில்லை. அவனுக்கு வாங்க வழியில்லை.

என் கவலை அங்கேதான் போய் நிற்கிறது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டை நெய்கிறவர் வீட்டில், பொங்கலன்று அந்தப் பட்டை உடுத்தியவர் எத்தனை பேர்? முந்தானையில் சரிகை கோத்த கை, பண்டிகைக்கு மலிவு விலைச் சேலையைப் பிரிக்கிறது. 2019-20இல் எடுத்த நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை என்கிறது. தார் சுற்றும் மனைவி, பாவு பிணைக்கும் அப்பா என்று வீடே உழைத்த கூலி அது.

மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறித் தறி நின்றால் கூலியும் நிற்கும். மகன் ‘எனக்குத் தறி வேண்டாம்ப்பா’ என்று கம்பெனி பஸ் ஏறுகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்க 1985இல் சட்டம் வந்தது. இன்று அந்தப் பட்டியலில் இருப்பவை 11 வகைகள். ஆனாலும் விசைத்தறிச் சேலை கைத்தறியென்று விற்பது நிற்கவில்லை. விசைத்தறியும் ஏழை வீடுகளுக்குச் சோறு போடுகிறது என்பார்கள். அது உண்மைதான். அந்தச் சோற்றை அதன் சொந்தப் பெயரில் சாப்பிடட்டும். கைத்தறியின் பெயரில் வேண்டாம்.

துணிக்கும் குளிர்காலத்துக்கும் நம்மிடம் உள்ள உறவு பெரியது. கார்த்திகையில் திருவண்ணாமலை உச்சியில் எரியும் தீபத்துக்குத் திரியே காடாத் துணிதான். பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை கொடுக்கும் வழக்கம் 1983இல் தொடங்கியது. உடுக்க இல்லாதவருக்குத் துணி, நெய்கிறவருக்கு வேலை என்ற இரண்டையும் ஒரே முடிச்சில் போட்ட ஏற்பாடு அது. திருநாள் என்றால் எல்லோர் உடம்பிலும் புதுத்துணி என்று நம்பும் ஊர்கள் நம்முடையவை.

ஆடையைத் துறப்பவர் துறக்கட்டும். அது அவர் வழி. உடுத்துகிற நாம், இந்தத் தைக்கு வாங்கும் துணிகளில் ஒன்றையாவது கைத்தறி முத்திரை பார்த்து வாங்குவோம். பட்டென்றால் சில்க் மார்க்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த ஊர்த் தறியில் நெய்தது என்று கடைக்காரரிடம் விசாரியுங்கள். நீங்கள் கேட்டால்தான் அந்த ஊரில் தறி ஓடும்.