நடுவானில் கடைசி அரை நிமிடம்... விமானி யார் பேச்சைக் கேட்க வேண்டும்?

1996 நவம்பர் 12, மாலை நேரம். டெல்லி விமான நிலையத்திலிருந்து சவுதி அரேபிய ஏர்லைன்ஸின் போயிங் 747 விமானம் கிளம்பியது. உள்ளே 312 பேர். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகும் இந்தியர்கள்தான் அதில் அதிகம். அதே நேரத்தில் கஜகஸ்தானிலிருந்து 37 பேருடன் வந்த ஓர் இல்யூஷின் விமானம், டெல்லியில் தரையிறங்க உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது.

மேலேறும் விமானம் 14,000 அடியில் நிற்க வேண்டும். கீழிறங்கும் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். நடுவில் 1,000 அடி இடைவெளி. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எதிரே ஒரு விமானம் வருகிறது என்று கஜகஸ்தான் விமானிகளுக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எச்சரிக்கையும் போனது. ஆனால், அந்த விமானம் 15,000 அடியில் நிற்காமல் மேலும் இறங்கியது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவர்கூட பிழைக்கவில்லை. நடுவானில் விமானங்கள் மோதிக்கொண்ட விபத்துகளில், உலகிலேயே அதிக உயிர்களைப் பறித்தது இன்றுவரை இதுதான்.

இப்படியொரு மோதலைத் தடுக்கும் கருவி அப்போதே இருந்தது. அமெரிக்காவில் அது கட்டாயமாகி ஏறக்குறைய மூன்று வருடங்கள் ஆகிவிட்டன. இந்திய வானத்தில்தான் அது இன்னும் கட்டாயமாகவில்லை.

அந்தக் கருவியின் பெயர் டிகாஸ். டிராஃபிக் கொலிஷன் அவாய்டன்ஸ் சிஸ்டம் என்பதன் சுருக்கம். எதிரே வரும் விமானத்தோடு மோதாமல் தப்பிக்க வழி சொல்லும் கருவி.

கண்ணால் பார்த்தால் போதாதா?

இவ்வளவு பெரிய விமானம் எதிரே வந்தால் விமானிக்குத் தெரியாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1950-களில் விமானத்துறையும் அப்படித்தான் நம்பியது.

எதிரெதிரே மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் இரண்டு விமானங்கள், ஒன்றையொன்று 1,800 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகின்றன. அதாவது, விநாடிக்கு அரை கிலோமீட்டர். எதிரே வருவதைப் பார்த்து, அது விமானம் என்று புரிந்து, மோதப்போகிறோம் என உணர்ந்து, கட்டுப்பாட்டை அசைத்து, விமானம் திரும்ப ஆரம்பிக்க 12 விநாடிக்கு மேல் ஆகும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கணக்கு. அதற்குள் 6 கிலோமீட்டர் கரைந்திருக்கும். அந்தத் தூரத்தில் எதிரே வரும் விமானம் வானத்தில் ஒரு புள்ளி மட்டுமே. நேராக நம்மை நோக்கி வரும் புள்ளி நகர்வதுபோலக்கூடத் தெரியாது.

இந்தக் கணக்கின் கொடூரம் 1956 ஜூன் 30 அன்று தெரிந்தது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மூன்று நிமிட இடைவெளியில் கிளம்பிய இரண்டு பயணிகள் விமானங்கள், பகல் வெளிச்சத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மேலே 21,000 அடியில் மோதின. 128 பேரும் இறந்தார்கள். அந்தப் பகுதியில் ரேடார் கண்காணிப்பு இல்லை. பார்த்து ஒதுங்கிக்கொள்வது விமானிகளின் பொறுப்பாக இருந்தது.

தூரம் அல்ல, நேரம்!

மோதலைத் தடுக்கும் கருவி வேண்டும் என்ற தேடல் தீவிரமானது அதன் பிறகுதான். அதற்கு அடிப்படையாக அமைந்தது, பெண்டிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் மோரல் 1950-களில் முன்வைத்த எளிமையான ஒரு யோசனை. எதிரே வரும் விமானம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைவிட, இன்னும் எத்தனை விநாடிகளில் நம்மை நெருங்கும் என்பதுதான் முக்கியம் என்றார் அவர்.

சாலையைக் கடக்கும்போது நாமும் இதைத்தான் செய்கிறோம். 100 மீட்டரில் மாட்டு வண்டி வந்தால் நிதானமாகக் கடப்போம். அதே 100 மீட்டரில் லாரி வந்தால் நின்றுவிடுவோம். தூரம் ஒன்றுதான், கையில் இருக்கும் நேரம் வேறு.

டிகாஸின் மூளையே இந்தக் கணக்குதான். ஒவ்வொரு விமானத்திலும் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி இருக்கும். யாராவது ரேடியோ அலையில் விசாரித்தால், தன் உயரத்தைப் பதிலாகச் சொல்லும். டிகாஸ் சுமார் ஒரு விநாடிக்கு ஒரு முறை சுற்றியுள்ள விமானங்களிடம் இப்படி விசாரித்துக்கொண்டே இருக்கும். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதிலிருந்து தூரம் தெரியும். அந்தத் தூரம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதிலிருந்து, மிச்சமிருக்கும் விநாடிகள் தெரியும்.

ஆபத்து நெருங்கினால் முதலில் ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்று ஒரு குரல் ஒலிக்கும். கவனமாக இருங்கள், அருகில் ஒரு விமானம் இருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் நிலைமை மாறாவிட்டால் அடுத்து வருவது கட்டளை. ‘கிளைம்ப், கிளைம்ப்’ என்றால் மேலே ஏறு. ‘டிசெண்ட், டிசெண்ட்’ என்றால் கீழே இறங்கு. உயரத்தைப் பொறுத்து, மோதலுக்கு 15 முதல் 35 விநாடிகள் இருக்கும்போது இந்தக் கட்டளை வரும். விமானி 5 விநாடிக்குள் செயல்படத் தொடங்க வேண்டும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இரண்டு விமானங்களிலும் டிகாஸ் இருந்தால், இரண்டு கருவிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். ஒன்று ‘ஏறு’ என்று சொன்னால், மற்றொன்று ‘இறங்கு’ என்றுதான் சொல்லும். குறுகலான சந்தில் எதிரே வருபவருக்கு வழிவிடப்போய், இருவரும் ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வோமே... அது வானத்தில் நடக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

உயிர்கள் போன பிறகு வந்த சட்டங்கள்

யோசனை 1950-களில் வந்துவிட்டாலும், நம்பகமான கருவியாக அது மாற வருடக்கணக்கானது. 1978-ல் சான் டியாகோ நகரின் மேலே ஒரு பயணிகள் விமானமும் சிறிய செஸ்னா விமானமும் மோதி, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் இறந்தார்கள். 1986-ல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிட்டோஸ் என்ற ஊரின் மேலே அதேபோல இன்னொரு மோதல். 82 பேர் பலி. அதன் பிறகுதான் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 30 இருக்கைகளுக்கு மேல் உள்ள பயணிகள் விமானங்கள் எல்லாவற்றிலும் 1993 இறுதிக்குள் டிகாஸ் இருக்க வேண்டும் என்றானது.

இந்தியாவில் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது சர்க்கி தாத்ரி. நீதிபதி ஆர்.சி.லஹோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. கஜகஸ்தான் விமானம் தனக்கு ஒதுக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கியதுதான் விபத்துக்குக் காரணம் என்பது உறுதியானது. கூடவே வேறு சில குறைகளும் வெளிச்சத்துக்கு வந்தன. டெல்லிக்கு வரும் பயணிகள் விமானங்களும் புறப்படும் விமானங்களும் அன்று ஒரே வான்பாதையில்தான் பறந்தன. ரேடார் திரையில் விமானம் ஒரு புள்ளியாகத் தெரியும், அது எந்த உயரத்தில் பறக்கிறது என்பது தெரியாது. விமானி வாயால் சொல்லும் உயரத்தைத்தான் கட்டுப்பாட்டாளர் நம்ப வேண்டியிருந்தது.

பிறகு வருவதற்கும் போவதற்கும் தனித்தனிப் பாதைகள் பிரிக்கப்பட்டன. உயரத்தையும் காட்டும் ரேடார் பயன்பாட்டுக்கு வந்தது. இந்தியாவுக்குள் வந்துபோகும் பயணிகள் விமானங்களில் மோதல் தடுப்புக் கருவி இருக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்ககம் உத்தரவிட்டது.

இரண்டு குரல்கள்... எது சரி?

கருவி வந்துவிட்டது. ஆனாலும் ஒரு கேள்விக்கு மட்டும் தெளிவான பதில் இல்லை. கருவி ஒன்று சொல்லி, தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளர் வேறொன்று சொன்னால்?

2001 ஜனவரி 31 அன்று ஜப்பானில் அது நடந்தது. ஜப்பான் ஏர்லைன்ஸின் இரண்டு விமானங்கள் நெருங்கின. பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளர் விமான எண்ணைக் குழப்பிக்கொண்டு, ஒரு விமானத்தை இறங்கச் சொன்னார். அதே விமானத்தின் டிகாஸ் ‘ஏறு’ என்றது. விமானி, கட்டுப்பாட்டாளர் பேச்சைக் கேட்டு இறங்கினார். மற்றொரு விமானமோ தன் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. கடைசி நொடியில் எதிர் விமானத்தைக் கண்ணால் பார்த்து விலகியதால் மயிரிழையில் தப்பினார்கள். இரண்டிலும் சேர்த்து 677 பேர் இருந்தார்கள். சுமார் 100 பேருக்குக் காயம்.

உலகம் அதிலேயே விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2002 ஜூலை 1 நள்ளிரவுக்குச் சற்று முன்பு. ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே 36,000 அடியில் ரஷ்யாவின் டுபொலேவ் விமானமும், டி.ஹெச்.எல் சரக்கு விமானமும் ஒன்றையொன்று நெருங்கின. ரஷ்ய விமானத்தில் 69 பேர். பெரும்பாலானோர் ஸ்பெயினுக்குச் சுற்றுலா கிளம்பிய பள்ளிப் பிள்ளைகள்.

அந்த வான்பகுதியைக் கவனித்த சூரிச் கட்டுப்பாட்டு மையத்தில் அப்போது ஒரே ஒருவர்தான் பணியில் இருந்தார். சக ஊழியர் ஓய்வெடுக்கச் சென்றிருந்தார். அங்கிருந்த எச்சரிக்கை அமைப்பு பராமரிப்புப் பணியால் முழுமையாக இயங்கவில்லை. தொலைபேசி இணைப்பிலும் கோளாறு. இரண்டு திரைகளை ஒற்றை ஆளாகக் கவனித்துக்கொண்டிருந்த அவர், ஆபத்தைத் தாமதமாகக் கவனித்து ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். மறுகணமே அதன் டிகாஸ் ‘ஏறு’ என்றது. கருவி ஏறச் சொல்கிறதே என்று துணை விமானி சொன்னதும் குரல் பதிவில் இருக்கிறது. ஆனாலும் விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது. சரக்கு விமானம் தன் டிகாஸ் சொன்னபடி, அதுவும் இறங்கியது.

71 பேரும் இறந்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டாளர் 2004-ல் தன் வீட்டு வாசலில் கொல்லப்பட்டார். கொன்றவர், விபத்தில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்த ஒருவர்.

ரஷ்ய விமானி கருவியின் பேச்சைக் கேட்டிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள். ஆனால், அதற்காக அவரை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. இரண்டும் முரண்பட்டால் யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்று அன்றைய விதிமுறைகளும் கையேடுகளும் ஒரே குரலில் சொல்லவில்லை என்பதை ஜெர்மனியின் விசாரணை அறிக்கையே சுட்டிக்காட்டியது.

ஒரே ஒரு விதி

2003 நவம்பரில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதியைத் தெளிவாக்கியது. கட்டுப்பாட்டாளர் என்ன சொன்னாலும், டிகாஸ் கட்டளை இட்டால் விமானி அதைத்தான் பின்பற்ற வேண்டும். அது சொல்வதற்கு நேர்மாறாக ஒருபோதும் செய்யக் கூடாது.

காரணம் எளிமையானது. தரையில் இருப்பவர் திரையில் பார்ப்பது, சில விநாடிகளுக்கு முந்தைய நிலையை. டிகாஸ் பார்ப்பது இந்த விநாடியை. அதோடு எதிர் விமானத்திடம் பேசி, ‘நான் ஏறுகிறேன், நீ இறங்கு’ என்று ஒப்பந்தம் செய்துகொண்டதும் அதுதான். ஒரு விமானி அதை மீறினால் இரண்டு விமானங்களுக்கும் ஆபத்து.

கருவியின் பேச்சையும் திருத்தினார்கள். ‘அட்ஜஸ்ட் வெர்ட்டிகல் ஸ்பீட், அட்ஜஸ்ட்’ என்ற பழைய கட்டளையைச் சில விமானிகள் தலைகீழாகப் புரிந்துகொண்டு, குறைக்க வேண்டிய வேகத்தைக் கூட்டினார்கள். புதிய பதிப்பில் அது ‘லெவல் ஆஃப்’ என்று மாறியது. ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்து, அவ்வளவுதான். பதற்றத்தில் இருப்பவருக்கு எது எளிதில் புரியும் என்பதும் பாதுகாப்பில் ஓர் அங்கம்தானே!

கருவிக்கும் எல்லை உண்டு

டிகாஸ் இருந்தால் மோதலே நடக்காதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. டிரான்ஸ்பாண்டர் பதில் சொல்லாத விமானம், டிகாஸைப் பொறுத்தவரை வானத்தில் இல்லவே இல்லை. 2006-ல் பிரேசிலின் அமேசான் காட்டுக்கு மேலே ஒரு சிறிய ஜெட் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் இயங்காமல் போனது. எதிரே ஒரே உயரத்தில் வந்த போயிங் விமானத்துக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தார்கள்.

தரைக்கு மிக அருகிலும் கருவி கட்டளை தராது. சுமார் 1,000 அடிக்குக் கீழே ‘இறங்கு’, ‘ஏறு’ என்று சொல்வதே ஆபத்தாகிவிடும் என்பதால் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் தரையிறங்கவிருந்த பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் சுமார் 300 அடி உயரத்தில் மோதின. 67 பேர் இறந்தார்கள். மோதலுக்கு ஏறக்குறைய 20 விநாடிகள் முன்பு விமானத்தில் ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்ற குரல் ஒலித்தது. தப்பிக்க வழி சொல்லும் இரண்டாவது குரல் மட்டும் வரவில்லை. அந்த உயரத்தில் அது வராது.

அதனால்தான் டிகாஸைக் கடைசி அரண் என்கிறார்கள். விமானங்களைத் தள்ளித் தள்ளி வைக்கும் பாதைகள், போதுமான ஆட்கள் உள்ள கட்டுப்பாட்டு அறை, பழுதில்லாத ரேடார் எல்லாம் சரியாக இருந்தால் அந்தக் குரல் ஒலிக்க வேண்டிய அவசியமே வராது.

ஒருவேளை ஒலித்துவிட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதில் இன்று குழப்பம் இல்லை. விமானி, ‘டிகாஸ் ஆர்.ஏ’ என்று ரேடியோவில் சொல்வார். கருவி கட்டளை இட்டுவிட்டது, அதன்படி போகிறேன் என்று அர்த்தம். அதைக் கேட்டதும், கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்தின் போக்கை மாற்ற எந்த உத்தரவும் தரக் கூடாது. ‘கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்’, ஆபத்து விலகிவிட்டது என்று விமானி சொல்லும்வரை அவர் காத்திருக்க வேண்டும். உபர்லிங்கனின் இரவில் இல்லாமல் போனது அந்தச் சில விநாடி மௌனம்தான்.