காலால் மிதிக்கும் பெட்டிக்கு லட்ச ரூபாய் கிராக்கி!

புத்தகம் அளவுக்கு ஓர் உலோகப் பெட்டி. மேலே திருகுவதற்கு மூன்று குமிழ்கள். காலால் மிதிக்க ஒரு பொத்தான். அவ்வளவுதான்!

இதன் விலை என்ன தெரியுமா? பல ஆயிரம் டாலர்! நம் பணத்தில் சொன்னால் லட்சக் கணக்கான ரூபாய்!

இத்தனைக்கும் அது தங்கத்தால் செய்த பெட்டி அல்ல. கிடார் வாசிப்பவர்கள் பயன்படுத்தும் "பெடல்".

பெடல் என்றால் என்ன?

மின்சார கிடாரின் ஒலி, கம்பி வழியாக ஒலிபெருக்கிக்குப் போகிறது. நடுவில் இந்தப் பெட்டியை மாட்டி விடுகிறார்கள். பொத்தானை மிதித்தால் ஒலி மாறி விடும்.

ஒரு பெட்டி ஒலியைக் கரகரப்பாக்கும். இன்னொரு பெட்டி, கிணற்றுக்குள் கூப்பிட்டது போல எதிரொலிக்கச் செய்யும். இரண்டு கைகளுக்கும் கிடாரில் வேலை இருப்பதால், இதைக் காலால் இயக்குகிறார்கள்.

தனி மனிதரின் உழைப்பு

அந்த லட்ச ரூபாய் பெட்டியின் பெயர் "கிளான் சென்டார்". பாதி மனிதன், பாதி குதிரையாக இருக்கும் கிரேக்கப் புராண உருவம்தான் சென்டார். அந்தப் படம் பல பெட்டிகளில் வரையப்பட்டிருக்கும்.

அமெரிக்காவில் பில் பின்னகன் என்பவர் 1994ம் ஆண்டு இதை விற்கத் தொடங்கினார். பெரிய தொழிற்சாலை கிடையாது. கையாலேயே செய்தார். சுமார் 15 ஆண்டுகளில் அவர் செய்தவை ஏறக்குறைய 8 ஆயிரம் பெட்டிகள்தான். அப்போது விலை சில நூறு டாலர். பிறகு அதைச் செய்வதை நிறுத்தி விட்டார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக, அதன் பாகங்கள் மேல் பிசினை ஊற்றி மூடியிருந்தார். சும்மா இருப்பார்களா மற்றவர்கள்? பிசினைச் சுரண்டிப் பார்த்து, ரகசியத்தைக் கண்டுபிடித்து விட்டார்கள். அதே மாதிரிப் பெட்டிகள் மலிவு விலையில் கடைக்கு வந்தன.

அசல் பெட்டியின் விலை இறங்கியதா? இல்லை, ஏறியது!

ஏறக்குறைய அதே ஒலி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஆனாலும் அசலுக்குத்தான் போட்டி. அப்படியானால், வாங்குகிறவர் ஒலிக்கு மட்டும் பணம் கொடுக்கவில்லை. அந்தப் பெட்டியின் கதைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்!

விற்காத சரக்கு விலையேறியது

பெட்டியின் கதை சில சமயம் கடையில் தூங்கிய சரக்கிலிருந்தும் பிறக்கும்.

1961ம் ஆண்டில் மார்ட்டி ராபின்ஸ் பாடி வெளிவந்த ஒரு பாட்டு, அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பதிவானது. அப்போது பதிவுக் கருவி ஒன்றில் கோளாறு. கிடார் ஒலி கரகரவென்று கேட்டது. அந்தக் கரகரப்பு பலருக்குப் பிடித்துப் போயிற்று! அதையே உண்டாக்க ஒரு பெட்டியைச் செய்தார்கள். "மேஸ்ட்ரோ பஸ்டோன்" என்ற பெயரில் 1962ல் கிப்சன் கம்பெனி அதை விற்பனைக்கு விட்டது. முதலில் கடைக்காரர்கள் வாங்கி அடுக்கினார்கள். பிறகு சரக்கு நகரவில்லை.

1965ல் "ரோலிங் ஸ்டோன்ஸ்" குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், "சாடிஸ்பாக்ஷன்" பாட்டில் அதைப் பயன்படுத்தினார். பாட்டு உலகெங்கும் ஒலித்தது. தேங்கிக் கிடந்த பெட்டிகள் பறந்தன!

ஜப்பானின் பாஸ் கம்பெனி 1983ல் "எச்.எம்.2" என்ற கறுப்புப் பெட்டியைச் செய்தது. 1991ல் நிறுத்தி விட்டது. ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரத்து வாலிபர்கள் அதன் குமிழ்களை எல்லாம் கடைசி வரை திருகி, காது அதிரும் புதிய இசையை உண்டாக்கினார்கள். அந்த இசையின் புகழ் பரவப் பரவ, பழைய பெட்டிக்குக் கிராக்கி ஏறியது. கடைசியில், 2020ல் அதே கம்பெனி அந்தப் பெட்டியை மீண்டும் கொண்டு வருவதாக அறிவித்தது!

நாளைய புதையல் எது?

இன்றைய பெட்டிகளில் எது நாளை விலையேறும்? ஜோதிடம் பார்க்க வேண்டியதில்லை. பழைய கதைகளே வழி காட்டுகின்றன.

குறைவாகச் செய்யப்படுபவை முதலில் வரும். கனெக்டிகட் மாநிலத்தில் மைக் பியரா நடத்தும் "அனலாக் மேன்" கம்பெனியின் "கிங் ஆப் டோன்" பெட்டிக்குப் பெயரைப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

மினசோட்டா மாநிலத்தில் சாக்கரி வெக்ஸ் தொடங்கிய கம்பெனி, பல பெட்டிகளின் மேல் கையால் சித்திரம் தீட்டி விற்றது. ஒன்றைப் போல் இன்னொன்று இராது. இவற்றுக்கும் மவுசு குறையாது.

"லைன் 6" கம்பெனி 1999ல் கொண்டு வந்த பச்சை நிற "டி.எல்.4" பெட்டியைப் பயன்படுத்தாத குழுக்கள் குறைவு. ஆனால் ஏராளமாக விற்ற பெட்டி அது. எல்லார் வீட்டிலும் இருப்பது அவ்வளவு சீக்கிரம் புதையல் ஆகாது.

ஓர் எச்சரிக்கை

பழைய பெட்டிகளில் பெரும்பாலும் சாதாரணப் பாகங்கள்தான். கெட்டுப் போனால் மாற்றிக் கொள்ளலாம். இன்றைய பல பெட்டிகள் குட்டிக் கம்ப்யூட்டர்கள். அதற்கென்றே செய்த சில்லு நாளை கிடைக்காவிட்டால், ரிப்பேர் செய்ய வழியில்லை. பல ஆயிரம் கொடுத்து வாங்கியது பேப்பர் பறக்காமல் வைக்கத்தான் உதவும்!

ஆகையால், விலை ஏறும் என்று நம்பிக் கடன் வாங்கிப் பெட்டி வாங்குவது சூதாட்டம். விலை ஏறினாலும் எல்லாருக்கும் மகிழ்ச்சி இல்லை. பணக்காரர்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கும் ஒவ்வொரு பெட்டியும், வாசிக்கத் துடிக்கும் ஓர் ஏழை வாலிபனின் கைக்கு எட்டாமல் போகிறது.

வீட்டில் யாராவது கிடார் வாசிக்கிறார்களா? பிடித்த பெட்டியை வாங்கி, ஆசை தீர வாசிக்கட்டும். கூடவே சில காரியங்கள் செய்யலாம். வந்த அட்டைப் பெட்டியையும் ரசீதையும் எறிய வேண்டாம். மேலே புதிதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டாம். பயன்படுத்தாத நாட்களில் உள்ளே இருக்கும் பாட்டரியைக் கழற்றி விட வேண்டும். அது கசிந்தால் பாகங்களை அரித்து விடும்.

நாளை விலை ஏறினால் லாபம். ஏறாவிட்டாலும் நஷ்டமில்லை. வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டுக் கொண்டே இருக்குமே!