‘பிளாக்பஸ்டர்’ – ஒரு சொல்லின் பிறப்பு

ஒரு திரைப்படம் வெளியான சில நாட்களிலேயே பெருவெற்றி பெற்றுவிட்டால் அதனைப் ‘பிளாக்பஸ்டர்’ என்கிறோம். ஆங்கிலப் பேச்சுவழக்குச் சொல்லாகிய இது இன்று நம் ஊர்ச் சுவரொட்டிகளிலும் தமிழ் எழுத்தில் இடம்பெறுகிறது. கொட்டகையைச் சுற்றி நீளும் மக்கள் வரிசையால் இப்பெயர் வந்தது என்று சிலர் கூறுவர். கேட்க இனிமையான விளக்கம்தான். ஆனால் உண்மை அதுவன்று.

‘பிளாக்’ என்பது தெருக்களுக்கு இடையே அமைந்த கட்டடத் தொகுதி. ‘பஸ்டர்’ என்பது அதைத் தகர்ப்பது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படை 4,000 ராத்தல் எடையுள்ள குண்டு ஒன்றை உருவாக்கி, 1941-இல் ஜெர்மனியின் எம்டன் நகரின்மீது முதன்முதலாக வீசியது. செய்தித்தாள்கள் இத்தகைய குண்டுகளுக்குச் சூட்டிய பெயரே பிளாக்பஸ்டர். விமான வீரர்களோ அதைக் ‘குக்கி’ என்று தின்பண்டத்தின் பெயரால் அழைத்தனராம்!

அக்குண்டின் மேலோடு மெல்லியது. எடையில் பெரும்பகுதி வெடிமருந்தே. அது வெடித்ததும் எழும் காற்றதிர்ச்சி சுற்றிலுமுள்ள வீடுகளின் ஓடுகளையும் சன்னல்களையும் பெயர்த்துவிடும். உடன் வீசப்படும் சிறு தீக்குண்டுகள் திறந்த கூரை வழியே உள்ளே விழும். பெயர்ந்த சன்னல்கள் வழியே புகும் காற்று நெருப்பை வளர்க்கும். அவ்வீடுகளில் இருந்தோர் போர்வீரர் அல்லர். பெரும்பாலும் தாய்மாரும் குழந்தைகளும் முதியோருமே.

போர் முடியும் முன்னரே அமெரிக்கத் திரைப்பட விளம்பரங்கள் இச்சொல்லை எடுத்துக்கொண்டன. 1975-இல் சுறாமீனைப் பற்றிய ‘ஜாஸ்’ படம் வசூலைக் குவித்தபின் அது திரையுலகில் நிலைத்துவிட்டது. இப்போது ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் விற்கும் மருந்துக்கும் இதே பெயர்தான். நோய் தீர்க்கும் மருந்துக்குக் குண்டின் பெயர்!

இதில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. ‘பாம்’ போல ஓடியது என்றால் இங்கிலாந்தில் வெற்றி. நாடகம் ‘பாம்’ ஆயிற்று என்றால் அமெரிக்காவில் படுதோல்வி.

சொல் பொருள் மாறிவிட்டது; குண்டு மாறவில்லை. 2017 ஆகஸ்டு இறுதியில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது வெடிக்காத பிளாக்பஸ்டர் ஒன்று கிடைத்தது. 60,000-க்கும் மேற்பட்ட மக்கள் செப்டம்பரில் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். மருத்துவமனையிலிருந்து பச்சிளங் குழந்தைகளையும் தூக்கிச் சென்றார்கள். வல்லுநர்கள் குண்டைச் செயலிழக்கச் செய்தபின், இரவில் மக்கள் வீடு திரும்பினர்.