சின்னக் குட்டையில் பெரிய மீன் சிக்குமா? ஜிலேபிக் கூட்டத்துக்கு 'எமன்' விரால், கொடுவா!

செங்கல்பட்டு—

ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கல்பட்டு சுற்று வட்டாரத்தில் எந்த ஏரிக்கரை, எந்தத் தாங்கல், எந்தக் குட்டைக்குப் போனாலும் ஒரு காட்சி தவறாது. மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, ஒரு தக்கை, கொட்டாங்கச்சியில் மண்புழு. கரையில் நாலு பேர், அவர்களைச் சுற்றிப் பத்து பொடியன்கள்.

தக்கை ஆடும். சட்டென்று இழுப்பார்கள். வருவது என்ன? உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி!

மறுபடி போடுவார்கள். மறுபடியும் ஜிலேபி. மதியம் வரை உட்கார்ந்தால் ஒரு மஞ்சள் பை நிறையும். வீட்டில் அம்மா அதைச் சுத்தம் செய்வதற்குள் பொழுது போய்விடும். முள்ளைத் தவிர மிச்சம் ஒன்றும் இருக்காது.

"நம்ம குட்டை சின்னது, அதனால்தான் மீனும் சின்னது" என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. குட்டை சின்னது என்பதல்ல காரணம். குட்டையில் கூட்டம் அதிகம் என்பதுதான் காரணம்.

ஒரே பானை, நூறு வாய்

இந்த ஜிலேபி நம் ஊர் மீனே அல்ல. சொந்த ஊர் ஆப்பிரிக்கா. 1952-ம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஏழைகளுக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் வந்த விருந்தாளி வீட்டையே வளைத்துக்கொண்டது. 1959-லேயே 'இதை இனிமேல் பரப்ப வேண்டாம்' என்று நிபுணர்கள் குழு கையைத் தூக்கிவிட்டது. அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது.

காரணம் அதன் குடும்ப வாழ்க்கை. பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் இது தாயாகிவிடும். ஆண்டுக்குப் பல தடவை முட்டை போடும். போட்ட முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகாது. வாய்க்குள் வைத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகும் ஆபத்து வந்தால் குஞ்சுகள் அம்மா வாய்க்குள் ஓடிவிடும். அதனால் சேதாரம் குறைவு, கூட்டம் அதிகம்.

வாயில் முட்டை இருக்கும்போது தாய் மீன் சரியாக இரை எடுக்க முடியாது. பிறகு எப்படி உடம்பு வைக்கும்? வளர வேண்டிய வயதில் பிள்ளை பெற்று, பிள்ளை பெற்று, உள்ளங்கை அகலத்திலேயே நின்றுவிடுகிறது. நீங்கள் 'குஞ்சு' என்று நினைத்துப் பிடிப்பது பல நேரம் பாட்டி!

குட்டையில் இருக்கும் பாசியும் பூச்சியும் ஓர் அளவுதான். ஒரு பானைச் சோற்றுக்குப் பத்து வாய் இருந்தால் பத்தும் கொழுக்கும். நூறு வாய் இருந்தால் நூறும் எலும்பும் தோலுமாக நிற்கும்.

பசலி முடிந்தால் வலை!

இன்னொரு காரணமும் உண்டு. அது தண்ணீருக்குள் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

ஊர் ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவது பழைய வழக்கம். 'மீன் பாசி ஏலம்' என்று கிராமத்தில் சொல்வார்கள். பல இடங்களில் குத்தகை பசலிக் கணக்கில் ஓடும். பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. ஓராண்டுக்குப் பணம் கட்டியவர் என்ன செய்வார்? கெடு முடிவதற்குள் போட்ட முதலை எடுக்கப் பார்ப்பார். கோடையில் தண்ணீர் வற்றியதும் கொசுவலை மாதிரி நெருக்கக் கண்ணி வலையை இழுத்து, இருப்பதையெல்லாம் வாரிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த வருஷம் ஏரி யாருக்கோ!

ஆக, மீனுக்கு வயது ஏற வழியே இல்லை. கோயில் குளத்தில் மட்டும் கையளவு, முழ அளவு மீனெல்லாம் எப்படிப் புரளுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அங்கே யாரும் வலை போடுவதில்லை, பொரிதான் போடுகிறார்கள்.

ஓராண்டுக்குப் பதில் மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று குத்தகை விட்டால் குத்தகைக்காரருக்கே குஞ்சு விட்டு வளர்க்க ஆசை வரும் என்பது நமது நிருபரின் கருத்து.

குட்டையின் போலீஸ்காரர்

சரி, ஊர்க் குட்டையில் பெரிய மீன் வேண்டும். என்ன வழி?

முதல் வழி, சின்ன ஜிலேபியைத் தாராளமாகப் பிடியுங்கள். 'பாவம், சின்னது' என்று திரும்ப விடாதீர்கள். ஜிலேபி விஷயத்தில் அந்தக் கருணை குட்டைக்குச் செய்யும் துரோகம். எடுக்க எடுக்க, மிச்சம் இருப்பதற்கு இரை கிடைக்கும்.

ஆனால் தூண்டிலால் மட்டும் எத்தனை எடுப்பது? ராத்திரியும் பகலும் டியூட்டி பார்க்க ஓர் ஆள் வேண்டும். அவர்தான் விரால்.

விரால் நம்ம ஊர்க்காரர். தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கும் சக்தி உண்டு. அதனால் தண்ணீர் கெட்டாலும் தாக்குப்பிடிக்கும். கோடையில் குட்டை வற்றினால் சேற்றில் புதைந்து கிடக்கும். மழை வந்ததும் எழுந்து வரும். ஜிலேபிக் குஞ்சு என்றால் அதற்குப் பொரிகடலை!

வேட்டை மீன் ஒரு கிலோ சதை போட வேண்டுமானால் பல கிலோ சின்ன மீனை விழுங்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். உங்கள் பையில் ஏறும் ஒரு பெரிய விரால், குட்டையில் எத்தனை நூறு ஜிலேபியைக் குறைத்திருக்கும்!

ஆனால் விரால் பிடிக்கும் நம் ஆட்கள் ஒரு கொடுமை செய்கிறார்கள். விரால் குஞ்சுகள் சிவப்புச் சிவப்பாகக் கூட்டமாக மேலே துள்ளும். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் இருக்கும். இது தெரிந்த கில்லாடி ஆசாமிகள், குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில் தவளையைப் போடுவார்கள். பசியால் அல்ல, பிள்ளைகளுக்கு ஆபத்து என்று ஆத்திரத்தில் தாய் பாய்ந்து கவ்வும். தூக்கிவிடுவார்கள்.

காவல் போய்விட்டது. அப்புறம் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரே நாளில் காலி செய்துவிடும். ஒரு விராலுக்காக ஒரு குடும்பமே குளோஸ்! சிவப்புக் குஞ்சு தெரிந்தால் வேறு மூலைக்குப் போய் உட்காருவதுதான் நியாயம். மழைக் காலத்தில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

எங்கே போடுவது, எப்போது போடுவது?

விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும்தான் வேட்டை மீனுக்குச் சாப்பாட்டு வேளை. உச்சி வெயிலில் உட்கார்ந்து தலைவலி வாங்கிக்கொள்ள வேண்டாம்.

நடுக் குட்டைக்கு வீசுவது வீண் வேலை. பெரிய மீன் ஒளிந்திருந்து அடிக்கும் ஜாதி. ஆகாயத்தாமரை ஓரம், அல்லித் தண்டு நடுவே, மதகுக்குப் பக்கம், கரை வேலமரத்தின் நிழல், தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கால் முனை. இங்கேதான் நிற்கும். மேலே வந்து காற்றுக் குடித்து 'பளக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போகும். அந்தச் சத்தம் கேட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் திரும்ப அந்தப் பக்கமே வரும்.

மண்புழுவைப் போட்டால் ஜிலேபிதான் முந்தும். பெரியது வேண்டுமானால் இரையும் பெரிதாக இருக்க வேண்டும். சின்ன உயிர் மீன் நல்ல இரை. ரப்பர் தவளையும் இப்போது கடைகளில் கிடைக்கிறது. கரையில் 'தடதட' என்று நடக்கக் கூடாது. நிழல் தண்ணீரில் விழக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. சவுடு மண் எடுத்த ஏரிகளில் கரை ஓரத்திலேயே ஆள் உயரப் பள்ளம் இருக்கும். மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர் மாதிரித் தெரியும். சிக்கிய முள்ளை எடுக்க இறங்கிய பையன்கள் பிணமாகத் திரும்பிய செய்திகளை இந்தப் பக்கத்தில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. முள் போனால் போகட்டும்.

கடற்கரைச் சீமையில் கொடுவா

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். அங்கே கதை வேறு. முட்டுக்காடு உப்பங்கழி, பக்கிங்காம் கால்வாய், சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே பாலாறு கடலில் சேரும் இடம், இங்கெல்லாம் ராஜா கொடுவா மீன்தான்.

கொடுவா உப்புத் தண்ணீரில் பிறக்கும். நல்ல தண்ணீரிலும் வளரும். ராத்திரியில் டார்ச் அடித்தால் கண் நெருப்பு மாதிரி ஜொலிக்கும். செவுள் மூடியின் விளிம்பு கத்தி போல இருக்கும். தெரியாமல் கை வைத்தால் ரத்தம்தான்.

இந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைப்பது பெரிய வித்தையாக இருந்தது. 1987-ல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் முட்டுக்காட்டில் உள்ள தன் சோதனைக் கூடத்தில் 1997-ல் அதைச் சாதித்தது. இந்தியாவில் கொடுவாவுக்கு அதுதான் முதல் 'பிரசவ ஆஸ்பத்திரி'!

குட்டையில் கொடுவா வளர்க்க ஒரு பழைய முறை உண்டு. முதலில் ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் ஜிலேபியை விடுவார்கள். ஒன்றிரண்டு மாதத்தில் குஞ்சு மொய்க்கும். பிறகு விரல் நீளத்துக்குக் குறையாத கொடுவாக் குஞ்சுகளை விடுவார்கள். ஜிலேபி பெற்றுப் போட, கொடுவா தின்று வளரும். தொல்லை கொடுத்த ஜிலேபியே தீனியாகிவிட்டது!

விடும் கொடுவாக் குஞ்சுகள் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் தம்பியை விழுங்கிவிடுவான். தன் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள மீனையே முழுசாக உள்ளே தள்ளும் ஜாதி அது.

இன்னொரு அதிசயம். கொடுவா முதலில் ஆணாக இருந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். சுமார் 4 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலும் பெண்தான். அதாவது கழிமுகத்தில் பிடித்துத் தோளில் போட்டுப் போட்டோ எடுக்கிறீர்களே, அந்தப் பெரிய மீன்கள் எல்லாம் அம்மாக்கள். அதையே தேடித் தேடிப் பிடித்தால் கழிமுகத்தில் பையன்கள் மட்டும் மிச்சம். நல்ல தண்ணீர்க் குட்டையில் இந்தக் கவலை இல்லை. அங்கே கொடுவா முட்டை போட முடியாது. பெரிதானதும் தாராளமாகப் பிடிக்கலாம்.

அமெரிக்காவிலும் இதே பாட்டு

அமெரிக்காவில் நம் விரால் மாதிரி 'பாஸ்' என்று ஒரு வேட்டை மீன். 1932-ல் ஜார்ஜியா மாகாணத்தில், ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன ஏரியில், ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி சுமார் 10 கிலோ எடையில் ஒன்றைப் பிடித்தார். 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அதே எடைக்கு இன்னொன்றைப் பிடிக்கும் வரை அந்தச் சாதனையை யாரும் தொடவில்லை. பண்ணைக் குட்டைகளை ஆராய்ந்த அலபாமா பேராசிரியர் ஸ்விங்கிளும் 'வேட்டை மீனுக்கும் இரை மீனுக்கும் அளவு ஒத்துப்போக வேண்டும்' என்றுதான் கண்டுபிடித்தார்.

ஜப்பானுக்கு அந்த மீன் 1925-ல் வெளியிலிருந்து போனது. உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்தது. கடைசியில் 2005-ல் அமலுக்கு வந்த சட்டத்தால் 'எங்கேயும் விடக் கூடாது' என்று தடுத்தார்கள்.

குறுக்கு வழி ஆசாமிகள்

நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்வது ஆப்பிரிக்கக் கெளுத்தி. அரசு தடை செய்த மீன். கோழிக் கழிவைக் கொட்டினால் போதும், மளமளவென்று பெருக்கும். அதனால் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். 'பெரிய மீன்தானே வேண்டும்' என்று ஊர்க் குட்டையிலும் சிலர் கொண்டுவந்து விடுகிறார்கள். அது ஜிலேபியோடு நிற்காது. விரால் குஞ்சு, கெண்டை, தவளை, எதையும் விடாது.

நம் ஜில்லா ஏரி ஜில்லா. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். 2015 டிசம்பர் மழையை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு வெள்ளம் வந்தால் ஒரு குட்டையில் விட்ட கெளுத்தி எத்தனை ஊருக்குப் போகும்!

அடுத்த கோஷ்டி, விஷம் கலக்கும் கோஷ்டி. ராத்திரியோடு ராத்திரியாகப் பூச்சி மருந்தைக் கொட்டிவிட்டு, விடிந்ததும் மிதப்பதை அள்ளிப் போய்ச் சந்தையில் விற்றுவிடுவார்கள். தின்பவன் கதி? அந்தத் தண்ணீரைக் குடிக்கும் மாட்டின் கதி? மூன்றாவது கோஷ்டி மின்சாரக் கம்பியில் கொக்கி போட்டுத் தண்ணீரில் இறக்கும் கோஷ்டி. மீனோடு சேர்ந்து ஆளும் போவது உண்டு.

வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1897-ல், இந்திய மீன்வளச் சட்டம் வந்துவிட்டது. தண்ணீரில் விஷம் கலப்பதும் வெடி போடுவதும் குற்றம். அதில் எழுதிய தண்டனை 2 மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அன்றைக்கு 200 ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு அந்தப் பணத்துக்கு ஒரு கிலோ விரால்கூட வராது.

விடியற்காலையில் ஒரே நேரத்தில் எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்தால் பெரும்பாலும் அது தண்ணீரில் காற்றுப் பற்றாக்குறை. சாக்கடை கலக்கிறதா என்று பாருங்கள். ஆனால் தவளை, தண்ணீர்ப் பாம்பு, பூச்சி எல்லாம் சேர்ந்து செத்துக் கிடந்தால் சந்தேகப்பட வேண்டும். அந்த மீனைத் தொட வேண்டாம். மாட்டை இறக்க வேண்டாம். கிராம நிர்வாக அலுவலருக்கும் போலீசுக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். மீன்வளத் துறைக்கும் சொல்லலாம். வெயில் ஏறுவதற்குள் ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து வைத்தால் சோதனைக்கு உதவும்.