கூச்சல் போடும் விசிறி

விளையாடுவது பையன், மூச்சு வாங்குவது பெட்டி! கம்ப்யூட்டர் விளையாட்டு நடக்கும் வீடுகளில் தினமும் காணக்கூடிய வேடிக்கை இது. பையன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு விரல்களை மட்டுமே அசைக்கிறான். மேஜைக்கு அடியில் இருக்கும் பெட்டியோ, மலைப்பாதையில் ஏறும் பழைய லாரியைப் போல் இரைகிறது. இரவு பத்து மணிக்கு மேல் அடுத்த அறையில் படுத்திருக்கும் தகப்பனாருக்குத் துப்பாக்கிச் சப்தமும் கேட்பதில்லை, குதிரைக் குளம்படியும் கேட்பதில்லை. அவையெல்லாம் பையனின் காதில் மாட்டிய கருவிக்குள் அடக்கம். அவருக்குக் கேட்பது இந்த இரைச்சல் ஒன்றுதான். "அந்தச் சனியனை அணைத்துவிட்டுப் படுக்கிறாயா, இல்லையா?" என்கிறார். "இதோ ஆயிற்று அப்பா" என்று பதில் வருகிறது. அரை மணி கழித்தும் அதே பதில்தான்!

இப்படி இரைவது யார்? பெட்டிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் விசிறிதான். அதைத் திட்டுவதற்கு முன், அது எதற்காக இந்தப் பாடு படுகிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

கிராபிக்ஸ் கார்டின் வேலை படம் வரைவது. சாதாரணத் திரை ஒன்றில் அகலவாட்டில் 1,920 புள்ளிகள், உயரவாட்டில் 1,080 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் இருபது லட்சத்துக்கு மேல் வருகிறது. அத்தனை புள்ளிக்கும் நிறம் கணக்கிட்டு ஒரு படம் போட வேண்டும். அதுவும் விநாடிக்கு 60 படம்! அதாவது விநாடி ஒன்றுக்குப் பன்னிரண்டு கோடிப் புள்ளிகள். எதன்மேல் வெயில் விழுகிறது, எது நிழலில் இருக்கிறது, தண்ணீரில் எது பிரதிபலிக்கிறது என்றெல்லாம் கணக்குப் போட்டாக வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடுவது தபால் தலை அளவுள்ள ஒரு சில்லு. அதற்குள் போகும் மின்சாரம் கடைசியில் உஷ்ணமாகத்தான் வெளியே வருகிறது. உள்ளே சக்கரம் சுழல்வதில்லை, பாரம் ஏறுவதில்லை. எனவே செலவாகும் மின்சாரம் அத்தனையும் சூடுதான். 2022-ம் வருஷம் அக்டோபரில் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற கார்டின் மின்சாரக் கணக்கு 450 வாட். நம் வீட்டுக் கூரையில் சுழலும் சாதாரண மின்விசிறிக்கு ஏறக்குறைய 75 வாட் போதும். ஆறு மின்விசிறிகள் குடிக்கும் மின்சாரத்தை ஒரு கார்டு குடித்துவிட்டு, அதன் பெரும்பகுதியைத் தபால் தலை அளவுள்ள இடத்தில் சூடாகக் கக்குகிறது என்றால், விசிறி ஏன் அலறாது? 2025-ல் வந்த 5090 இன்னும் ஒரு படி மேலே போய் 575 வாட்டைத் தொட்டுவிட்டது. அரை இஸ்திரிப் பெட்டி என்றே சொல்லலாம்.

ஆதியில் இந்தத் தொல்லை இல்லை. 1996-ல் அமெரிக்காவில் 'வூடூ' என்ற கார்டு பிரபலமாக இருந்தபோது அதன்மேல் விசிறியும் கிடையாது, வேறு தகடும் கிடையாது. சில்லு வெறும் உடம்போடு உட்கார்ந்திருக்கும். மூன்று வருஷம் கழித்து வந்த 'வூடூ 3' கார்டுக்கு அலுமினியச் செதில் வைத்தார்கள். அதே 1999-ல் என்விடியா கம்பெனி வெளியிட்ட 'ஜீபோர்ஸ் 256' கார்டில் ஒரு சிறு விசிறி இருந்தது. அதன் ரீங்காரத்தை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

2003-ல்தான் வெடித்தது பூகம்பம்!

கம்பெனியே செய்த கேலி

அப்போது என்விடியாவுக்குக் கடும் போட்டி. கனடா நாட்டு ஏ.டி.ஐ. கம்பெனி 2002-ம் வருஷம் 'ரேடியான் 9700 புரோ' என்ற கார்டைக் கொண்டுவந்து சந்தையையே கலக்கிவிட்டிருந்தது. என்விடியா பதில் சொல்லியாக வேண்டும். பதில்தான் 'ஜீபோர்ஸ் எப்.எக்ஸ். 5800 அல்ட்ரா'. ஏ.டி.ஐ. கார்டில் ஞாபகச் சில்லுகளுக்கும் மூளைச் சில்லுக்கும் இடையே உள்ள பாதை அகலமானது, 256 தடங்கள். என்விடியாவினுடையதில் பாதிதான், 128. ரோடு குறுகல் என்றால் வண்டியை வேகமாக விரட்டவேண்டியதுதானே! ஏ.டி.ஐ.யின் சில்லு 325 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, இவர்கள் தங்கள் சில்லை 500-க்கு விரட்டினார்கள். வேகத்தோடு உஷ்ணமும் ஏறியது.

அதைத் தணிக்க ஒரு பெரிய சாதனத்தைக் கார்டின்மேல் ஏற்றினார்கள். பெட்டிக்கு வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து, செம்புச் செதில்களின் மேல் ஊதி, மறுபடியும் வெளியிலேயே தள்ளும் ஏற்பாடு. யோசனை என்னவோ நல்ல யோசனைதான். அடுத்த கார்டுக்கு உரிய இடத்தையும் சேர்த்து அடைத்துக்கொண்டது என்பதைத் தவிர! ஆனால் விசிறி சின்னது. சின்ன விசிறி நிறையக் காற்றை ஊத வேண்டுமானால் தலைதெறிக்கச் சுழல வேண்டும். கடிதம் எழுதும்போது சாதுவாக இருக்கும் கார்டு, விளையாட்டுத் தொடங்கியதும் ஊளையிட ஆரம்பித்தது. ஜனங்கள் அதற்கு 'டஸ்ட்பஸ்டர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்த ஊரில் கையில் பிடித்துத் தூசி உறிஞ்சும் யந்திரம் ஒன்றின் பெயர் அது.

இதில் ரசமான கட்டம் இனிமேல்தான். ஊரெல்லாம் சிரிக்கும்போது கம்பெனி என்ன செய்தது தெரியுமா? தானும் சேர்ந்து சிரித்தது! என்விடியாவின் ஆட்களே நடித்து ஒரு சிறு படம் எடுத்தார்கள். தோட்டத்துச் சருகுகளை ஊதித் தள்ளும் யந்திரமாகவும், தலைமயிர் உலர்த்தும் யந்திரமாகவும் இந்தக் கார்டு அதில் பவனி வந்தது. தன் சரக்கைத் தானே இப்படிக் கேலி செய்துகொண்ட வியாபாரி அபூர்வம். ஆனால் கேலியோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த வருஷம் மே மாதமே 5900 என்ற கார்டை அறிவித்தார்கள். அதில் பாதையை 256 தடங்களாக அகலப்படுத்தி, வேகத்தை 450-க்குக் குறைத்திருந்தார்கள். சப்தமும் அடங்கியது.

வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் சப்தம் எப்படி அவ்வளவு அடங்கும் என்று கேட்கலாம். விசிறிகளின் கணக்கு விசித்திரமானது. சுழலும் வேகத்தைப் பாதியாக்கினால் வீசும் காற்றும் பாதியாகிறது. அதில் ஆச்சரியமில்லை. ஆனால் அதைச் சுழற்றத் தேவையான சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. சப்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கிவிடுகிறது. பத்து டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குப் பாதிச் சப்தமாகத் தோன்றும். ஆகவே ஒரு சின்ன விசிறி வெறிபிடித்துச் சுற்றுவதைவிட, இரண்டு மூன்று பெரிய விசிறிகள் நிதானமாகச் சுற்றுவது எவ்வளவோ மேல். இன்றைய கார்டுகள் செங்கல் பருமனுக்கு வளர்ந்துவிட்டதற்கு இதுவே முக்கியக் காரணம்.

செதில்களுக்குச் சூட்டைக் கொண்டுபோகிற செம்புக் குழாயும் ஓர் அதிசயப் பொருள். குழாயிலிருந்து காற்றை அகற்றிவிட்டுத் துளி ஜலம் வைத்து மூடிவிடுகிறார்கள். காற்றழுத்தம் இல்லாததால் ஜலம் கொஞ்சச் சூட்டிலேயே ஆவியாகிறது. ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடிப்போய்ச் சூட்டை இறக்கிவிட்டு மறுபடி ஜலமாகி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உட்சுவர் வழியாகத் திரும்பி வருகிறது. மோட்டார் இல்லை, சப்தமும் இல்லை. 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிச்சாலையில் ஜார்ஜ் குரோவர் என்பவர் இதைச் செய்து காட்டினார். வானவெளிக் கலங்களில் முதலில் பயன்பட்ட குழாய் இன்று நம் பையனின் மேஜைக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது!

விசிறி வாயை மூடினால்?

சப்தம் இல்லாமலே போய்விட்டால் நிம்மதி என்று நினைக்கலாம். அப்படி நடந்தும் இருக்கிறது. 2010-ம் வருஷம் மார்ச் மாதம் என்விடியா, தன் கார்டுகளை இயக்கும் மென்பொருளின் புதிய பதிப்பு ஒன்றை வெளியிட்டது. அதன் எண் 196.75. அதில் நேர்ந்த ஒரு கோளாறினால், சூடு ஏற ஏற வேகம் எடுக்க வேண்டிய விசிறிகள் வேகம் எடுக்காமல் நின்றுவிட்டன. விளையாடியவர்களுக்கு ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அறை அமைதியாகத்தான் இருந்தது. பிறகு படம் திணறிற்று. சில கார்டுகள் உயிரையே விட்டுவிட்டதாகப் புகார்கள் கிளம்பின. பிளிஸார்டு என்ற விளையாட்டுக் கம்பெனி தன் வாடிக்கைக்காரர்களை எச்சரித்தது. என்விடியாவும் அவசர அவசரமாக அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதே 2010-ல் அந்தப் பிளிஸார்டுக்கே வேறொரு சங்கடம் வந்து சேர்ந்தது. ஜூலையில் அவர்கள் வெளியிட்ட 'ஸ்டார்கிராப்ட் 2' விளையாட்டில், யுத்தம் நடக்கும்போதுகூட இல்லாத உஷ்ணம், சும்மா பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சிலருடைய கார்டுகளில் ஏறிற்று. காரணம் என்ன? யுத்தக் காட்சி கஷ்டமானது. விநாடிக்குச் சில டஜன் படம் போடுவதற்குள் கார்டு களைத்துப்போகும். பட்டியல் திரை எளிது. "இத்தனை படம் போதும்" என்று யாரும் சொல்லாததால் கார்டு தன் முழுச் சக்தியையும் திரட்டி நூற்றுக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தது. எஜமான் தூங்கும்போது வேலைக்காரன் ஓய்வெடுப்பான் என்பது நாம் அறிந்தது. இவன் எஜமான் தூங்கும்போது கிணற்று நீர் முழுவதையும் இறைத்துக் கொட்டியிருக்கிறான்! வரம்பு கட்டும் இரண்டே வரிகளை அமைப்புக் கோப்பில் எழுதச் சொன்னது கம்பெனி. பட்டியலில் 30 படம், விளையாட்டில் 60 படம்.

இன்று வீட்டில் செய்யக்கூடிய முதல் காரியமும் இதுதான். விநாடிக்கு 60 படம் மட்டுமே காட்டக்கூடிய திரைக்கு 150 படம் வரைந்து தள்ளுவதால், பெரும்பாலான ஆட்டங்களில் உஷ்ணம் ஏறுவதைத் தவிரக் கண்ணுக்குத் தெரியும் லாபம் சொற்பமே. படத்துக்கு வரம்பு கட்டினால் விசிறி தானாகவே அடங்கும். அடுத்தபடி, கார்டு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தையே பத்து, இருபது சதவிகிதம் குறைத்துப் பார்க்கலாம். இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மின்சாரம் குறைந்த அளவுக்கு வேகம் குறைவதில்லை என்பதுதான் இதில் உள்ள சௌகரியம். கடைசிச் சொட்டு வேகத்துக்காகக் கார்டுகள் மின்சாரத்தை வாரி இறைக்கும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன.

2013-ல் ஏ.எம்.டி. வெளியிட்ட 'ஆர் 9 290எக்ஸ்' இந்தச் சங்கடத்தை ஒளிவுமறைவில்லாமல் வாங்குகிறவர் தலையிலேயே கட்டிவிட்டது. கார்டின் விளிம்பில் ஒரு சிறு விசை. ஒரு பக்கம் தள்ளினால் அமைதி. மறுபக்கம் தள்ளினால் வேகம். அமைதிப் பக்கத்தில் விசிறி தன் சக்தியில் 40 சதவிகிதத்துக்கு மேல் போகாது. சில்லு 95 டிகிரி வரை காய்ந்து, பிறகு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எனக்கென்னவோ, பல கம்பெனிகள் மூடி மறைக்கும் உண்மையை ஒரு விசையாக்கி வெளியே வைத்தது நேர்மையான காரியம் என்றே படுகிறது.

நம் ஊருக்கென்று ஒரு சங்கடமும் உண்டு. அறையின் உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால், விசிறி அதே வேகத்தில் சுற்றும்போது கார்டின் உஷ்ணமும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். இருபது டிகிரி அறையில் 65 டிகிரியில் நிற்கும் கார்டு, அக்கினி நட்சத்திரத்தில் 38 டிகிரி அறையில் 83-ஐத் தொடும். அதைச் சகிக்காமல்தான் விசிறி வேகம் எடுக்கிறது. வெளிநாட்டுப் பரீட்சைகளில் "சப்தமே இல்லை" என்று பெயரெடுத்த கார்டு, மே மாதம் நம் வீட்டில் கத்துவதற்குக் காரணம் கார்டு அல்ல, வெயில்!

இன்னொரு விஷயம். கூரையில் மின்விசிறி இரவு முழுவதும் கடகடவென்று சுற்றினாலும் நாம் சுகமாகத் தூங்குகிறோமே, இந்தச் சின்ன விசிறி மட்டும் ஏன் எரிச்சலூட்டுகிறது? கூரை விசிறி ஒரே சுருதியில் பாடுகிறது; இது ஏறி ஏறி இறங்குகிறது. காதுக்குப் பழகாதது அந்த ஏற்ற இறக்கமே. ஆகையால் விசிறியின் வேகத்தை அமைக்கும்போது, சூடு ஒரு டிகிரி அசைந்ததும் துள்ளாமல், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். சில கார்டுகள் சூடு குறைவாக இருக்கும்போது விசிறியை அடியோடு நிறுத்திவிடும். வேலையில்லாதபோது விசிறி நின்றிருப்பதைக் கண்டு யாரும் பதற வேண்டியதில்லை.

விசிறி மெதுவாகச் சுற்றும்போதும் கொசு ரீங்காரம் போல் ஒரு மெல்லிய கீச்சொலி கேட்டால், அது விசிறியே அல்ல. மின்சாரத்தைச் சீர்ப்படுத்தும் கம்பிச் சுருள்கள் அதிர்வதால் வரும் ஒலி அது. ஆபத்தில்லை. படத்துக்கு வரம்பு கட்டினால் பெரும்பாலும் அதுவும் தணியும்.

பெட்டியை அலமாரிக்குள் திணித்து, முன்புறம் திரைச்சீலை போட்டு, மேலே புஸ்தகங்களை அடுக்கி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பார்வைக்கு அழகுதான், ஆனால் கக்கிய சூட்டையே திரும்ப மூச்சாக இழுத்தால் எந்த விசிறியும் தோற்றுப்போகும். பெட்டியின் பின்புறம் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்கட்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பெட்டியைத் திறந்து, செதில்களில் அப்பியிருக்கும் தூசியை மெல்லிய தூரிகையாலோ காற்று ஊதியோ எடுத்துவிட வேண்டும். ஊதும்போது விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் ஊதுகிற காற்றில் அது கன்னாபின்னாவென்று சுழன்று அச்சு தேய்ந்துவிடும். அப்புறம் அது போடும் கடகடப்பைப் புது விசிறி வாங்கித்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.