தக்காளி டப்பாவில் தொடங்கிய வேகம்!
26 வினாடியில் ஒரு மைல் பறந்த சைக்கிள் கடைக்காரரின் கதை

ஒரு மைல் தூரத்தை நடந்து கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? வேகமாக நடப்பவருக்குக்கூட 15 நிமிடம் ஆகும். சைக்கிளில் போனால் 5 நிமிடம்.

அதே ஒரு மைலை 26 வினாடியில் கடந்தார், ஒருவர். ரெயிலில் அல்ல, காரில் அல்ல. இரண்டே சக்கரம் உள்ள வண்டியில்!

இது நடந்தது இப்போது அல்ல, 1907-ம் ஆண்டில்! வண்டியைச் செய்தவரும் அவரே. ஓட்டியவரும் அவரே.

அவர் பெயர் கிளென் கர்டிஸ்.

தந்தி கொடுக்கும் பையன்

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், ஹாமண்ட்ஸ்போர்ட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஏரிக் கரையில் உள்ள ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அங்கேதான் 1878-ம் ஆண்டு மே மாதம் 21-ந்தேதி கர்டிஸ் பிறந்தார்.

சின்ன வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தங்கை ருத்தாவுக்கோ மூளைக் காய்ச்சலால் காது கேட்காமல் போயிற்று. காது கேளாதோர் பள்ளிக்கூடத்தில் மகளைச் சேர்ப்பதற்காக, தாயார் ரோசஸ்டர் நகருக்குக் குடியேறினார்.

கர்டிசின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. போட்டோ பிலிம் தயாரிக்கும் கம்பெனியில் வேலைக்குப் போனார். பிலிமோடு வரும் காகிதத்தில் எண் குறிப்பது அவர் வேலை. ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு இருப்பானேன் என்று, வேலை வேகமாக முடிய ஒரு கருவியையே செய்துவிட்டார்!

பிறகு சைக்கிளில் போய்த் தந்தி கொடுக்கும் வேலை கிடைத்தது. நாள் முழுவதும் சைக்கிள்தான். கால் பலப்பட்டது. சைக்கிள் பந்தயங்களில் கலந்து கொண்டார்.

1898-ல் லீனா என்ற பெண்ணை மணந்தார். அப்போது அவருக்கு வயது 19. சொந்த ஊரிலேயே சைக்கிள் கடை வைத்தார்.

தக்காளி டப்பா

அந்தக் காலத்தில் பெட்ரோல் என்ஜின் புதிய பொருள். "இதைச் சைக்கிளில் மாட்டினால் என்ன?" என்ற எண்ணம் கர்டிசுக்கு வந்தது.

1901-ல் பஃபலோ நகரில் இருந்த தாமஸ் கம்பெனியிடம் இருந்து என்ஜினுக்கான வார்ப்புப் பாகங்களைத் தபால் மூலம் வரவழைத்தார். அவற்றைக் கடைந்து, ஒன்றோடு ஒன்று பொருத்த வேண்டியது அவர் பாடு.

கார்புரேட்டருக்கு என்ன செய்வது?

பெட்ரோலை அப்படியே ஊற்றினால் என்ஜின் ஓடாது. பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலக்க வேண்டும். அந்தக் கலவையில் தீப்பொறி பட்டால்தான் என்ஜினுக்குள் வெடிப்பு உண்டாகி, சக்கரத்தைச் சுழற்றும். அப்படிக் கலந்து தரும் உறுப்புக்குத்தான் கார்புரேட்டர் என்று பெயர்.

கர்டிஸ் ஒரு காலித் தக்காளி டப்பாவை எடுத்தார். அதற்குள் கம்பி வலையை வைத்தார். பெட்ரோல் வலையில் பரவி, காற்றோடு கலந்தது. அதுவே கார்புரேட்டர் ஆயிற்று!

என்ஜின் ஓடியது. சைக்கிளும் ஓடியது. ஆனால் என்ஜின் மிகச் சிறியது. வண்டியை இழுக்கத் திணறியது. அடுத்து, பெரிய என்ஜின் ஒன்றை வாங்கிப் பொருத்திப் பார்த்தார். அதற்கு சக்தி இருந்தது. ஆனால் சைக்கிள் தாங்காத எடை!

"சக்தியும் வேண்டும், எடையும் குறைய வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் நாமே செய்ய வேண்டியதுதான்" என்ற முடிவுக்கு கர்டிஸ் வந்தார். தாமே என்ஜின் செய்யத் தொடங்கினார். 1902-ல் மோட்டார் சைக்கிள் வியாபாரமும் ஆரம்பமாயிற்று.

பந்தயமே சோதனை

"என் வண்டி நல்ல வண்டி" என்று யாரும் சொல்லலாம். அதை எப்படி நிரூபிப்பது? கடிகாரத்தை வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். கர்டிஸ் அதைத்தான் செய்தார்.

1903-ல், மணிக்கு சுமார் 64 மைல் வேகத்தில் ஒரு மைல் ஓட்டினார். 1904 ஜனவரியில் புளோரிடா மாநிலத்துக்குப் போனார். அங்கே ஆர்மண்ட் கடற்கரையில் 10 மைல் தூரத்தை 9 நிமிடத்துக்குள் கடந்தார். அப்போது அவர் வண்டியில் இருந்தது இரட்டை சிலிண்டர் என்ஜின்.

கர்டிசின் என்ஜினைப் பற்றி, பலூன் வித்தைக்காரர் தாமஸ் பால்டுவின் அறிந்தார். அவர் ஆகாயக் கப்பல் ஒன்றைக் கட்டிக்கொண்டு இருந்தார். எடை குறைந்த, சக்தி மிகுந்த என்ஜின் அவருக்குத் தேவைப்பட்டது. கர்டிசின் மோட்டார் சைக்கிள் என்ஜினை வாங்கிப் பொருத்தினார். 1904 ஆகஸ்டில், கலிபோர்னியாவில் உள்ள ஓக்லண்டு நகரில் அந்த ஆகாயக் கப்பல் வெற்றிகரமாகப் பறந்தது.

தரையில் ஓடுவதற்காகச் செய்த என்ஜின் ஆகாயத்துக்குப் போய்விட்டது! பறக்கும் எந்திரங்களுக்கு இன்னும் பெரிய என்ஜின் தேவைப்பட்டது.

8 சிலிண்டர் ராட்சதன்

கர்டிஸ் 8 சிலிண்டர் என்ஜின் ஒன்றைச் செய்தார். அதன் சக்தி 40 குதிரை சக்தி. காற்றுப் பட்டே சூடு தணியும்படி அமைத்து இருந்தார்.

பறக்கும் எந்திரத்தில் மாட்டுவதற்கு முன், அதைச் சோதிக்க வேண்டாமா? இரண்டு சக்கர வண்டி ஒன்றைக் கட்டி, அதில் மாட்டிவிட்டார்!

நீளமான வண்டி. நடுவே என்ஜின். பின்னால் தள்ளி இருக்கை. அங்கே இருந்து முன்னால் எட்டிப் பிடிக்க நீண்ட கைப்பிடி. மொத்த எடை 275 ராத்தல், அதாவது சுமார் 125 கிலோ.

40 குதிரை சக்தியைத் தோல் பெல்ட் தாங்காது. வழுக்கிவிடும். எனவே ஓர் இரும்புத் தண்டையும் பல் சக்கரத்தையும் வைத்து, என்ஜினைப் பின் சக்கரத்தோடு நேராக இணைத்தார். கிளட்ச் கிடையாது. கியர் மாற்றும் வசதியும் கிடையாது. சக்கரம் உருண்டால் என்ஜின் சுழலும். என்ஜின் சுழன்றால் சக்கரம் பறக்கும்.

1907 ஜனவரி 24

மறுபடியும் ஆர்மண்ட் கடற்கரை. கடல் நீர் வற்றும்போது அங்கே மணல் சாலைபோல் இறுகிவிடும். மைல் கணக்கில் சமதரை. 1903 முதலே அங்கே கார்களின் வேகத்தைச் சோதித்து வந்தார்கள்.

கர்டிஸ் முதலில் இரட்டை சிலிண்டர் வண்டியை ஓட்டினார். மணிக்கு 77 மைல் வேகம். பிறகு ராட்சத வண்டியை வெளியே கொண்டுவந்தார்.

வேகம் பிடிக்க 2 மைல். அளந்து பார்க்க ஒரு மைல். நிறுத்துவதற்கு இன்னொரு மைல். இதுதான் ஏற்பாடு. கர்டிஸ் வண்டியின் மேல் படுத்தாற்போல் குனிந்து கொண்டார். இன்று நாம் அணியும் ஹெல்மெட் அந்தக் காலத்தில் கிடையாது.

வண்டி சீறியது. கடிகாரம் காட்டிய நேரம் 26.4 வினாடி!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வினாடிக்கு 200 அடி! மணிக்கு 136 மைல், அதாவது 219 கிலோமீட்டர்!

திரும்பும் வழியில்...

அதே பாதையில் மறுபடியும் ஓட்டினார். அப்போதுதான் விபரீதம் நேர்ந்தது.

இரும்புத் தண்டை இணைக்கும் மூட்டு உடைந்தது. தண்டு கழன்று, சாட்டைபோல் சுழன்று அடித்தது. வண்டியின் பிரேம் வளைந்தது.

அந்த வேகத்தில் கைப்பிடி ஒரு பக்கம் திரும்பி இருந்தால் என்ன ஆகி இருக்கும்? கர்டிஸ் பிடியை விடவில்லை. வண்டியைச் சாயவிடாமல் ஓட்டி வந்து நிறுத்தினார். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்!

அதே மாதம், அதே கடற்கரையில், இன்னொருவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நீராவிக் காரில் 1906-ல் 127 மைல் வேகம் கண்டவர் பிரெட் மாரியட். 1907-ல் அவர் மறுபடியும் முயன்றபோது, கார் எகிறி விழுந்து, துண்டு துண்டாகியது. பலத்த காயத்தோடு உயிர் தப்பினார்.

ஏட்டில் ஏறாத சாதனை

கர்டிசின் வேகம் அதிகாரபூர்வமான சாதனையாகப் பதிவு ஆகவில்லை. அதை உறுதி செய்ய மறுபடியும் ஓட்டவேண்டும். ஆனால் வண்டி உடைந்து கிடந்தது.

இருந்தாலும் மக்கள் அவரை "உலகிலேயே வேகமான மனிதர்" என்றார்கள். 1911 வரை எந்தக் காரும் அந்த வேகத்தை மிஞ்சவில்லை. வேறொரு மோட்டார் சைக்கிள் அதை மிஞ்சுவதற்கு 1930 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று!

கர்டிஸ் அந்த வண்டியில் மறுபடியும் ஏறவில்லை. வேக ஆசை தீர்ந்துவிட்டது என்று கூறிவிட்டார்.

தோற்றது எது?

அன்று என்ஜின் தோற்கவில்லை. 8 சிலிண்டரும் ஒழுங்காக வேலை செய்தன. தோற்றது அந்த சக்தியைத் தாங்க வேண்டிய மூட்டும் பிரேமும்தான்.

அடுத்த ஆண்டு, 1908 ஜூலை 4-ந்தேதி, ஹாமண்ட்ஸ்போர்ட்டில் ஊரே கூடியது. கர்டிஸ் விமானத்தில் பறந்தார். "ஜூன் பக்" என்ற அந்த விமானம் 5,000 அடிக்கு மேல் பறந்து பரிசு பெற்றது. அதைப் பறக்க வைத்தது எது தெரியுமா? கர்டிஸ் செய்த 8 சிலிண்டர், 40 குதிரை சக்தி என்ஜின்தான்!

பிற்காலத்தில் அவர் பெரிய விமானத் தொழில் அதிபர் ஆனார். 1930 ஜூலை 23-ந்தேதி, 52-வது வயதில் காலமானார்.

இன்றும் உண்டு ஆசை

பழைய காலத்து வண்டியைப்போல் சைக்கிளை அமைத்து, சிறிய என்ஜின் மாட்டி ஓட்டுவது இன்று பல நாடுகளில் பொழுதுபோக்காக இருக்கிறது. நீண்ட பெட்ரோல் டாங்கி, வளைந்த கைப்பிடி என்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். "எவ்வளவு வேகம் போகும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி.

அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "எவ்வளவு தூரத்தில் நிற்கும்?"

சைக்கிளின் பிரேக்கும், போர்க்கும், சக்கரக் கம்பியும் கால் மிதிக்கும் வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்து நிறுத்தும் தூரம் இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகும்! எனவே, முதலில் பிரேக்கையும் பிரேமையும் பலப்படுத்த வேண்டும். என்ஜின் அதற்குப் பிறகுதான்.

கர்டிசின் 8 சிலிண்டர் வண்டி இப்போது அமெரிக்காவின் தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பொருள். விமானங்களோடு சேர்த்து இந்த இரண்டு சக்கர வண்டியையும் பாதுகாத்து வருகிறார்கள்.