பூட்டை உடைப்பதில்லை, சாவியைக் கேட்டு வாங்குகிறார்கள்! தெரியுமா?

மரக்காணத்திலிருந்து ஈசிஆரில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் கடப்பாக்கம் வரும். அங்கே உப்பங்கழியோரம் இடிந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். 18ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு நாணயச் சாலையே இயங்கியது தெரியுமா? உப்பு கப்பலேறிய அதே துறையில் வராகனும் காசும் அச்சாகின! 1750இல் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளினார்கள்.

அன்று காசைக் காக்க மதில் வேண்டியிருந்தது, பீரங்கி வேண்டியிருந்தது. இன்று அதே கரையில், உப்புப் பாத்தியோரம் நிற்கும் ஒரு தம்பியின் சட்டைப்பையில் இருக்கும் போனுக்குள்ளேயே கிரிப்டோ காசு! ஐப்பசி மழை இறங்கி உப்பளம் மூடிவிட்டால் கையில் வேலை இருக்காது, போன் மட்டும் இருக்கும். அப்போது பார்த்து வரும் ஒரே ஒரு போலி மெயில், ஒரு சீசன் முழுக்க உப்பு வாரிச் சேர்த்த பணத்தை ஒரே தட்டலில் கொண்டுபோய்விடும். எப்படி என்று தெரிந்துகொண்டால் ஆச்சரியப்படுவீர்கள். தெரிந்துகொண்டுவிட்டால் ஏமாற மாட்டீர்கள்!

உங்கள் பூட்டை உலகத்தில் எவராலும் உடைக்க முடியாது, தெரியுமா?

கிரிப்டோ காசை வைத்துக்கொள்ளும் வாலட்டைத் தொடங்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைத் தருவார்கள். அதற்கு சீட் ஃபிரேஸ் என்று பெயர். பெரும்பாலான வாலட்டுகளில் அந்தச் சொற்கள் எல்லாம் 2048 சொற்கள் மட்டுமே கொண்ட ஒரே பட்டியலிலிருந்து வருபவை. அந்தப் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது! ஆனாலும் 12 சொல் வரிசையை ஊகித்துக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். சாத்தியமான வரிசைகள் எத்தனை தெரியுமா? 340 எழுதி, அதற்குப் பின்னால் 36 சைபர் போடுங்கள். ஏறக்குறைய அத்தனை! உலகக் கணினிகள் அனைத்தையும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் எண்ணி முடியாது.

அதனால்தான் திருடன் பூட்டுப் பக்கமே போவதில்லை. நேராக உங்களிடம் வந்து சாவியைக் கேட்கிறான். "உங்கள் வாலட்டைச் சரிபார்க்க வேண்டும், 12 சொற்களையும் இங்கே டைப் செய்யுங்கள்" என்கிறான். அவ்வளவுதான் அவன் வித்தை! எந்த வாலட் நிறுவனமும், காயின் வாங்கி விற்கும் எந்த எக்ஸ்சேஞ்சும், எந்தப் போலீசும், எந்த வருமான வரி அதிகாரியும் மெயிலிலோ போனிலோ அந்தச் சொற்களைக் கேட்கவே மாட்டார்கள். கேட்டால் திருடன்தான். இதில் விதிவிலக்கே கிடையாது.

சொல்லின் முதல் 4 எழுத்தே போதும், தெரியுமா?

அந்த 2048 சொற்களில் எந்த இரண்டுக்கும் முதல் 4 எழுத்துகள் ஒன்றாக வராதபடி பார்த்துப் பார்த்துத் தொகுத்திருக்கிறார்கள். அதாவது பாதி மறைந்த தாளின் போட்டோ கிடைத்தாலும் திருடனுக்கு முழுச் சாவியும் கிடைத்த மாதிரிதான்! 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஸ்பார்க்கேட் என்ற வில்லங்க நிரலைக் கண்டுபிடித்தது. அது போனிலுள்ள போட்டோக்களை ஒவ்வொன்றாகப் 'படித்து', அவற்றில் சீட் ஃபிரேஸ் இருக்கிறதா என்று தேடியது! அது ஒளிந்திருந்த ஆப்களை கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் 2,42,000 தடவைக்கு மேல் டவுன்லோடு செய்திருந்தார்கள். ஆகவே போட்டோ வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பி வைப்பதும் வேண்டாம். தாளில் எழுதிப் பத்திரத்தோடு பத்திரமாகப் பீரோவில் வையுங்கள்.

மெயிலில் அனுப்புநர் பெயரை எவர் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், தெரியுமா?

இன்றும் உலகத்து மெயில்களைச் சுமக்கும் விதிமுறை 1982இல் வகுக்கப்பட்டது. அனுப்புகிறவர் தாம் சொல்லும் ஆள்தானா என்று சோதிக்கும் ஏற்பாடே அன்று அதில் இல்லை! எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற சோதனைகள் எல்லாம் பிற்பாடு ஒட்டுப்போட்டுச் சேர்த்தவை.

அந்தச் சோதனையையும் தாண்டிவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? 2025 ஏப்ரலில், எத்தீரியம் என்ற கிரிப்டோ உலகில் பேர்போன நிரலாளரான நிக் ஜான்சனுக்கு கூகுள் பெயரில் ஒரு மெயில் வந்தது. 'உங்கள் கணக்கு விவரங்களைக் கேட்டு நீதிமன்ற ஆணை வந்திருக்கிறது' என்பது சேதி. கூகுளின் அசல் டிகிம் கையொப்பம் அதில் அப்படியே இருந்தது! கூகுளே முன்பு கையொப்பமிட்ட ஒரு மெயிலைத் திருடர்கள் எடுத்து மறுபடி அனுப்பியிருந்தார்கள். போய்ச் சேரும் பக்கமும் கூகுளின் சொந்த இடத்தில், எவரும் இலவசமாகப் பக்கம் அமைக்கும் பகுதியில் இருந்தது. அவர் துறைக்காரர் என்பதால் கண்டுகொண்டார், உலகத்துக்கும் சொன்னார்.

ஒரே வழிதான்: மெயில் எவ்வளவு அசலாகத் தெரிந்தாலும் அதிலுள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள். சேதி உண்மை என்றால் அங்கேயும் இருக்கும். இன்னொரு அருமையான வசதியும் உண்டு! பைனான்ஸ் போன்ற எக்ஸ்சேஞ்சுகளில் உங்களுக்கென்று ஒரு ரகசியக் குறிச்சொல்லை அமைத்துக்கொள்ளலாம். அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு அசல் மெயிலிலும் அந்தச் சொல் இருக்கும். இல்லையென்றால் போலி!

ஒரு புள்ளி காணாமல் போனால் 3 கோடியே 70 லட்சம் டாலர் போகும், தெரியுமா?

நடந்த கதை இது, செய்தவர் ஓர் இந்தியர்! காயின்பேஸ் எக்ஸ்சேஞ்சின் ப்ரோ சேவைக்கு அப்போது இருந்த அசல் முகவரி 'ப்ரோ டாட் காயின்பேஸ் டாட் காம்'. அவரும் கூட்டாளிகளும் அமைத்த போலி முகவரி 'காயின்பேஸ்ப்ரோ டாட் காம்'. சொற்கள் அதே சொற்கள்தான். வரிசை மாறி, நடுவில் ஒரு புள்ளி காணாமல் போனது. நுழைந்தவர்கள் பாஸ்வேர்டைக் கொடுத்தார்கள். போலி கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு ஓடிபி போன்ற குறியீடுகளையும் கொடுத்தார்கள். திருடப்பட்டது 3.7 கோடி டாலருக்கு மேல்! 2023 டிசம்பரில் அட்லாண்டா விமான நிலையத்தில் இறங்கியவரைப் பிடித்தார்கள். 2024இல் 5 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

இணைய முகவரியை எப்படிப் படிக்க வேண்டும் தெரியுமா? 'https://' என்ற முன்னொட்டைத் தள்ளிவிட்டு, முதலில் வரும் சாய்வுக்கோட்டில் நில்லுங்கள். அங்கிருந்து வலமிருந்து இடமாக வாருங்கள். 'காம்', அதற்கு முன் ஒரு புள்ளி, அதற்கு முன்னால் இருக்கும் சொல்தான் வீட்டுக்காரர். அதற்கும் முன்னால் என்ன எழுதியிருந்தாலும் அது அவர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்ட அறையின் பெயர்தான். 'காயின்பேஸ் டாட் உதவி டாட் காம்' என்று இருந்தால் வீட்டுக்காரர் 'உதவி', காயின்பேஸ் அல்ல!

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு: இரட்டை எழுத்துகள் தெரியுமா?

க என்ற எழுத்தையும், ௧ என்ற தமிழ் எண் ஒன்றையும் பாருங்கள். எ என்ற எழுத்தையும், ௭ என்ற தமிழ் எண் ஏழையும் பாருங்கள். நம் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கோ அவை முற்றிலும் வேறு வேறு! இதே வித்தையை ஆங்கில எழுத்துகளிலும் காட்டுகிறார்கள். 2022 ஏப்ரலில் ட்ரெசர் வாலட் வைத்திருந்தவர்களுக்கு 'தரவு கசிந்துவிட்டது, புது ஆப்பை உடனே இறக்குங்கள்' என்று மெயில் வந்தது. லிங்க்கில் 'ட்ரெசர்' என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் அந்த ஆங்கில 'ஈ' எழுத்துக்குக் கீழே, திரைத்தூசி மாதிரி ஒரு பொடிப்புள்ளி! அதைத் தட்டினால் வேறு ஊர், வேறு வீடு. அந்த மெயில்களோ ட்ரெசர் வழக்கமாகச் செய்திமடல் அனுப்பப் பயன்படுத்திய மெயில்சிம்ப் சேவைக்குள் புகுந்து அனுப்பப்பட்டவை! ஆகவே அசல் முகவரியை ஒருமுறை சரிபார்த்து புக்மார்க் செய்துகொள்ளுங்கள். அதன்பின் அந்த வழியாக மட்டுமே போங்கள்.

போலித் தூண்டில் தபாலிலும் வரும், தெரியுமா?

வாலட் கருவி தயாரிக்கும் பிரான்சின் லெட்ஜர் நிறுவனத்திலிருந்து 2020இல் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்தது. சுமார் 10 லட்சம் மெயில் முகவரிகள், 2,72,000 பேரின் பெயரும் வீட்டு விலாசமும்! அடுத்த ஆண்டே சிலருக்கு, கேட்காமலேயே வீட்டு வாசலில் 'புது வாலட் கருவி' வந்து சேர்ந்தது. பளபளப்பான பெட்டி, உள்ளே திருடர்கள் திருத்திய கருவி! 2025இல் க்யூஆர் கோடு போட்ட கடிதங்களும் தபாலில் வந்தன. அதே ஆண்டு காயின்பேஸ் இன்னொரு அதிர்ச்சியை வெளியிட்டது. வெளிநாட்டிலுள்ள வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலருக்குத் திருடர்கள் லஞ்சம் கொடுத்து 69,461 வாடிக்கையாளரின் விவரங்களை எடுத்திருந்தார்கள். 2 கோடி டாலர் பிணைப்பணம் கேட்டார்கள். நிறுவனம் மறுத்து, அதே தொகையைத் திருடர்களைப் பிடித்துக்கொடுப்போருக்குப் பரிசாக அறிவித்தது!

ஆகவே மெயிலில் உங்கள் பெயர், விலாசம், நீங்கள் வைத்திருக்கும் காயின் எல்லாம் சரியாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். உங்களைத் தெரிந்து வைத்திருப்பவரெல்லாம் உங்களுக்கு வேண்டியவர் அல்ல!

பிரதமர் கணக்கும் உச்ச நீதிமன்றச் சேனலும்கூடத் தப்பவில்லை, தெரியுமா?

2020 செப்டம்பரில் பிரதமர் மோடியின் இணையதளத்துக்கான ட்விட்டர் கணக்கில் புகுந்து, நிவாரண நிதிக்கு கிரிப்டோவில் நன்கொடை கேட்டார்கள். 2021 டிசம்பரில் அவருடைய சொந்தக் கணக்கிலேயே, இந்தியா பிட்காயினைச் சட்டபூர்வ பணமாக ஏற்றுவிட்டது, 500 பிட்காயின் வாங்கி மக்களுக்கு வழங்குகிறது என்று எழுதி ஒரு மோசடி லிங்க்கும் போட்டார்கள்! 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் யூடியூப் சேனலில் கிரிப்டோ விளம்பரம் ஓடியது. அசல் கணக்கிலிருந்தே வந்தாலும், 'இலவச காயின்' என்று எவர் சொன்னாலும், பொய்தான்.

ஒரு வேலைக் கடிதம் 60 கோடி டாலருக்கு மேல் விழுங்கியது, தெரியுமா?

2022 மார்ச்சில் ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டின் ரோனின் வலையமைப்பிலிருந்து 60 கோடி டாலருக்கும் மேல் களவு போனது. உள்ளே நுழைந்த வழி என்ன? ஊழியர் ஒருவரைக் குறிவைத்த ஃபிஷிங், அதாவது போலித் தூண்டில் என்று நிறுவனம் சொன்னது. நல்ல சம்பளத்தோடு வந்த போலி வேலைக் கடிதத்தின் பிடிஎஃப் கோப்புதான் அது என்று செய்திகள் வெளியாயின. கைவரிசை வட கொரியாவின் லாசரஸ் கும்பலுடையது என்றது அமெரிக்காவின் எஃப்பிஐ. வேலை தேடும் நம் பிள்ளைகள் இதை மனதில் வைக்க வேண்டும். கிரிப்டோ வைத்திருக்கும் போனிலோ கணினியிலோ, தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்கவே கூடாது.

திருட்டுக் கருவி வாடகைக்குக் கிடைக்கும், தெரியுமா?

இன்ஃபெர்னோ ட்ரெய்னர் என்று ஒரு தொகுப்பு. போலி இணையப் பக்கம், திருட்டு நிரல் எல்லாம் தயாராகக் கொடுத்துவிட்டு, திருடியதில் 20 சதவீதம் கமிஷன் வாங்கினார்கள்! ஒரே ஆண்டில் 1,37,000 பேரிடமிருந்து 8 கோடி டாலருக்கு மேல் போனது என்று குரூப்-ஐபி நிறுவனம் கணக்குச் சொன்னது. இதில் சீட் ஃபிரேஸைக்கூடக் கேட்க மாட்டார்கள். 'வாலட்டை இணையுங்கள்', 'ஒப்புதல் கொடுங்கள்' என்று இரண்டு தட்டல்தான். அந்த ஒப்புதலின் பொருள், 'என் காயினை நீ எடுத்துக்கொள்' என்பது! புரியாத எதற்கும் ஒப்புதல் தராதீர்கள். முன்பு கொடுத்த பழைய ஒப்புதல்களை ரத்து செய்யும் வசதியும் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

பத்திரமான காப்பி-பேஸ்ட்டிலும் விஷம் வைப்பார்கள், தெரியுமா?

நீங்கள் வழக்கமாகப் பணம் அனுப்பும் முகவரியின் முதல் எழுத்துகளும் கடைசி எழுத்துகளும் ஒத்திருக்க ஒரு போலி முகவரி தயாரித்து, அதிலிருந்து ஒரு பரிமாற்றத்தை உங்கள் கணக்குப் பட்டியலில் விழவைப்பார்கள். அடுத்த தடவை நீங்கள் அவசரத்தில் பட்டியலிலிருந்து காப்பி செய்தால் தீர்ந்தது! 2024 மே மாதம் ஒருவர் இப்படி 1155 பிட்காயினுக்கு ஈடான டோக்கனை ஒரே தட்டலில் அனுப்பிவிட்டார். மதிப்பு சுமார் 7 கோடி டாலர்! பேச்சுவார்த்தைக்குப் பிறகு பெரும்பகுதி திரும்பியது அதிசயத்திலும் அதிசயம். நாம் அதை நம்பி இருக்க முடியாது. முகவரியின் நடு எழுத்துகளையும் பாருங்கள். முதலில் சிறு தொகை அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.

கிரிப்டோ 'சொத்து' என்று சென்னையில்தான் தீர்ப்பு வந்தது, தெரியுமா?

2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் களவு போனது. திரையில் தெரிந்தது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று என்று நிறுவனமே விளக்கியது. தன் 3,532 எக்ஸ்ஆர்பி காயின்கள் முடங்கிப்போன ஒரு பயனர், மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்துதான் என்று தீர்ப்பளித்தார்!

சட்டம் சொத்து என்று சொன்னாலும், வங்கி வைப்புக்கு இருக்கும் 5 லட்ச ரூபாய் காப்பீடு இதற்குக் கிடையாது. பரிமாற்றத்தைத் திருப்பிவிட ஒரு மேனேஜரும் கிடையாது. கடல் தண்ணீரில் கரைந்து கிடக்கும் உப்பைக்கூட மரக்காணத்துக்காரர் வெயில் காட்டி வாரி எடுத்துவிடுவார். திருடன் வாலட்டுக்குப் போன காயினை வாரி எடுப்பது அதைவிடப் பன்மடங்கு கடினம்.

முதல் ஒரு மணி நேரம் பொன்னானது, தெரியுமா?

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த கணமே 1930க்குப் போன் போடுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியுங்கள். மரக்காணத்திலிருந்தும் ஒரே எண்தான், மதுரையிலிருந்தும் ஒரே எண்தான்! ரூபாயாகப் போன பணம் இன்னும் ஏதோ ஒரு வங்கிக் கணக்கில் நின்றுகொண்டிருந்தால் முடக்கிவிட வாய்ப்புண்டு. எக்ஸ்சேஞ்சுக்கும் உடனே சொல்லுங்கள். சீட் ஃபிரேஸ் வெளியே போயிருந்தால், புது வாலட் தொடங்கி மிச்சக் காயினை அங்கே மாற்றிவிடுங்கள். பரிமாற்ற எண், மெயில், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று அடுத்து வருபவர்களை நம்பவே நம்பாதீர்கள். பெரும்பாலும் அது அதே கும்பலின் இரண்டாவது வலை!

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். துறையில் ஊறிய எஞ்சினியர்களே விழுந்த வலை இது. வீட்டில் தம்பியோ தங்கையோ கிரிப்டோ வைத்திருந்தால் இன்றைக்கே உட்காரவைத்துச் சொல்லுங்கள்: 12 சொல்லை எவர் கேட்டாலும் கொடுக்காதே, மெயிலில் வந்த லிங்க்கைத் தொடாதே, ஏமாந்தால் மறைக்காமல் உடனே எங்களிடம் சொல், 1930க்கும் சொல். இந்த மூன்றையும் ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிடலாம்!